லைனை நிறுத்தும் உரிமை

புது வண்டி வாங்கவிருக்கும் என் மைத்துனர், தாம் பார்த்து வைத்திருக்கும் மாடலை இப்போது வேறு நாட்டில் தயாரிப்பதால் அதன் பழைய கோளாறுகள் இனி வரமாட்டா என்று உறுதியாகச் சொன்னார். 12 ஆண்டுகளாக அசெம்பிளி லைனில் தர ஆய்வு செய்துவரும் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, மோசமான தரத்துக்கும் ஓயாத தொழில் தகராறுகளுக்கும் பேர்போய், 1982இல் மூடப்பட்டது. டொயோட்டாவுடன் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் 1984இல் அதை மீண்டும் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான், தொழிற்சங்கமும் மாறவில்லை. சில நூறு பேரை மட்டும் ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் டகவோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். 1987வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, 100 கார்களுக்கு 45 அசெம்பிளி குறைகள் என்ற அளவில் ஃப்ரீமாண்ட்டும் டகவோகாவும் ஒன்றாகவே நின்றன.

ஃப்ரீமாண்ட்டில் மாறியது, தலைக்கு மேலே தொங்கிய ஒரு கயிறு. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைக் கடப்பதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், சரியாக இறுகாத போல்ட்டுக்குச் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வண்டியை அனுப்பிவிடுவோம். கடைசியில் இருக்கை பொருத்தியிருப்பார்கள், அந்த வட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. எத்தனை வட்டங்கள் அப்படி மறைந்தனவோ என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

கயிறு மட்டும் இருந்தாலும் போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் தொழிற்சாலையிலும் அதே முறையைக் கொண்டுவரப் பார்த்தது. லைன் நிற்பதை மேலாளர்கள் பொறுத்துக்கொள்ளாததால் அது வேரூன்றவில்லை. அந்தத் தொழிற்சாலை 1992இல் மூடப்பட்டது.

வடிவமைப்பிலேயே பிழை இருந்தால் கயிறும் உதவாது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விரியச் செய்யப் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறச் செய்தது. அமெரிக்காவில் செய்தவையும் மெக்சிகோவில் செய்தவையும் ரீகாலுக்கு, அதாவது திரும்பப் பெற்று மாற்றித் தருவதற்கு, வந்தன.

அந்த மாடலில் அடிக்கடி பழுதாகும் பாகத்தின் வடிவமைப்பை மாற்றியிருக்கிறார்களா, எந்த மாதத் தயாரிப்பிலிருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கட்டும்படி மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன்.