ஆய்வுகூட அண்ணையும் என் உத்தியோகமும்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மவர்கள் அதிபரின் பிரம்பையும் பிக் மட்ச் கிரிக்கெட்டையும்தான் எழுதுவார்கள். நான் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த அண்ணையைப் பற்றி எழுதுகிறேன். பரிசளிப்பு விழா அறிக்கை எதிலும் அவர் பெயர் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

உயர்தர வகுப்பில், அமிலத்தின் செறிவை அளக்கும் நியமிப்புச் செய்முறையை சேர் கரும்பலகையில் ஒழுங்காகத்தான் எழுதித் தருவார். அமிலம் குடுவையில், காரமான சோடியம் ஐதரொட்சைட்டு திருகி வைத்த அளவுக்குழாயான அளவியில், நிறம் மாறிக் காட்டும் காட்டி பினோப்தலீன். மங்கலான இளஞ்சிவப்பு நிலைத்தால் முடிவுப்புள்ளி. அதைப் பாடமாக்கிக்கொண்டு போனால் குடுவை கடும் சிவப்பாகிவிடும். அண்ணை பின்னால் வந்து, "கதைக்காம என்ரை கையைப் பாரும் தம்பி" என்பார். இடக்கை அளவியைச் சுற்றி வந்து திருகியைப் பிடித்திருக்கும். வலக்கை குடுவையைச் சுழற்றியபடியே இருக்கும். துளி விழுந்த இடத்தில் தோன்றும் சிவப்பு மறையச் சற்றுத் தாமதிக்கத் தொடங்கியதுமே இடக்கை இறுகிவிடும். கடைசியில் அளவியின் நுனியில் அரைத்துளியைத் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டெடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி இறக்குவார். எப்போது இறுக்க வேண்டும் என்று கேட்டால், "அது தெரியும்" என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் சில கிழமைகளில் எங்களுக்கும் தெரியத்தான் செய்தது.

ரொறன்ரோவுக்கு வந்து நீர் சுத்திகரிப்பு வேலையில் சேர்ந்தேன். அப்புறம் அறிவு முகாமைத்துவம் என்றொரு பொறுப்பைத் தந்தார்கள். ஓய்வுபெறப் போகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பும் வேலை. பனி உருகும் காலத்தில் ஆற்றுநீர் கலங்கலாகவும் கடுங்குளிராகவும் வரும். அழுக்கு திரள்வது மந்தமாகிவிடும். வரிசையாகக் குவளைகளில், அழுக்கைத் திரளவைக்கும் அலுமினியம் சல்பேற்றை வெவ்வேறு அளவில் கலந்து, எதில் திரள் நன்றாக வருகிறது என்று பார்ப்பார்கள். செய்முறை ஏட்டில் எல்லாம் இருக்கிறது. 'நன்றாக' என்றால் எப்படி என்பது மட்டும் பழைய ஆட்களின் கண்ணில் இருக்கிறது.

மைக்கேல் பொலானி 1966இல் எழுதியது இதைத்தான்: சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரியும். அவரே இரசாயனவியலாளராக இருந்து தத்துவத்துக்குப் போனவர். (அவர் மகன் ஜோன், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1986இல் இரசாயன நோபல் பரிசு பெற்றார்.) கனடாவில் உருவான ஒருவகை வாயு லேசரைப் பிரித்தானிய ஆய்வுகூடங்கள் செய்ய முயன்றதைச் சமூகவியலாளர் ஹரி கொலின்ஸ் 1974இல் ஆராய்ந்தார். வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் அதை இயங்கவைக்க முடியவில்லை. ஏற்கெனவே செய்தவர்களோடு பழகியவர்களுக்குத்தான் அது கைகூடியது.

இப்படிப்பட்ட அறிவை எழுத்துக்கு மாற்றலாம் என்று ஜப்பானின் முகாமைத்துவ அறிஞர்களான நொனாகாவும் தக்கேஉச்சியும் 1995இல் விரிவாக எழுதினார்கள். முகாமையாளர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். எந்தத் திருகியை எப்போது திறப்பது என்பதை எழுதலாம். கண் பழகுவதை எழுத முடியாது. புதியவரைப் பழையவரோடு ஒரு பனிக்காலம் முழுக்க நிறுத்துங்கள் என்று கேட்டேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சம்பளமா என்றார்கள். வாதாடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

நம் சங்கம் இப்போது ஆய்வுகூடத்துக்குக் கருவிகள் வாங்கக் காசு சேர்க்கிறது. சரி, வாங்கட்டும். அதில் ஒரு பங்கை, ஓய்வுபெறும் உதவியாளரோடு புதிதாக வருபவர் ஒரு வருடம் சேர்ந்து வேலை செய்வதற்கான சம்பளமாக ஒதுக்கலாமா என்று வரும் பொதுக்கூட்டத்தில் கேட்கப்போகிறேன். முன்மொழிய நான் தயார். வழிமொழிய யாராவது வாருங்கள்.