வார்த்தை நோட்டு: ஏழாவது மாசம்

இங்கிலீஷ்ல விசித்திரமா ஒரு வார்த்தை கண்ணுல பட்டா அது எங்கருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்து நோட்டுல எழுதணும்னு ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு, இதுவரைக்கும் 143 வார்த்தை சேந்திருக்கு. முதல் ரெண்டு மாசம் செஞ்ச முறை சரியா வரல. ஒரு நாளைக்கு மூணு வார்த்தை, பக்கத்துல அர்த்தம், அவ்ளோதான். ஒரு வாரம் கழிச்சு திருப்பிப் பாத்தா பாதி மனசுல நிக்கல. டீஃபெனஸ்ட்ரேஷன்னு ஒன்னு எழுதியிருந்தேன், ஆள ஜன்னல் வழியா தூக்கி வெளிய போடறது, ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்காததால அது வெறும் சத்தமாத்தான் இருந்துச்சு.

மூணாவது மாசத்துல ஒரு விதி வச்சேன். வார்த்தைய உடைச்சு உள்ள இருக்கறத முதல்ல தமிழ்ல எழுதணும், அகராதி அர்த்தம் அப்புறம்தான். ஃபெனஸ்ட்ரான்னா லத்தீன்ல ஜன்னல். 1618 மே மாசம் பிராக் கோட்டையில மன்னரோட பிரதிநிதிங்க ரெண்டு பேரையும் அவங்க செயலரையும் எதிர்த்தரப்பு ஆளுங்க ஜன்னல் வழியா வீசிட்டாங்க, மூணு பேருமே பிழைச்சுட்டாங்க, ஆனா அதுல பத்திக்கிட்ட போர் முப்பது வருஷம் நடந்துச்சு. இத எழுதினதுக்கப்புறம் அந்த வார்த்தை மறக்கவே இல்ல.

ஜன்னல்னு வந்தாச்சு, சரி விண்டோவையும் பாத்துடுவோம்னு பாத்தா அதுதான் இந்த ஏழு மாசத்துலயே பெரிய சந்தோஷம். வட ஐரோப்பாவுல பேசின பழைய நார்ஸ் மொழியில காத்துக்கு ஒரு சொல், கண்ணுக்கு ஒரு சொல், ரெண்டையும் ஒட்டினா விண்டோ. காத்துக்கண்ணு! நாம சொல்ற ஜன்னல் போர்ச்சுகீஸ்லருந்து வந்தது, அதுக்கு முன்னாடி நம்மகிட்ட என்ன இருந்துச்சுன்னு தேடிப் போனா காலதர். கால்னா காத்து, அதர்னா வழி. அதோட விடல, சிலப்பதிகாரத்துல அது ‘மான்கண் காலதர்’, மான் கண்ணு மாதிரி துளை வச்ச ஜன்னல். எங்கயோ வடக்கே பனியில இருந்தவனும் இங்க இருந்தவனும் சுவத்துல ஒரு ஓட்டையப் பாத்து ரெண்டு பேருக்குமே காத்தும் கண்ணும் தோணியிருக்கு பாருங்க. அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்த நாலஞ்சு தடவை படிச்சிருப்பேன்.

அதுக்கப்புறம் நோட்டுல நாலாவதா ஒரு கட்டம் போட்டேன், தமிழ்ல இதே படம் எங்கயாவது இருக்கான்னு எழுதறதுக்கு. எல்லாத்துக்கும் கிடைக்காது. கிடைச்சா விடவே மனசு வராது. மஸில் லத்தீன்ல ‘குட்டி எலி’, தோலுக்கடியில சதை அசையறது எலி ஓடற மாதிரி இருக்குன்னு, நமக்கு அதே இடத்துல மீன், கெண்டைக்கால். டிஸாஸ்டர்னா கெட்ட நட்சத்திரம், நாம கிரகம் சரியில்லன்னு சொல்றதேதான். டெய்ஸி பூ ‘பகலோட கண்ணு’, காலைல விரிஞ்சு சாயங்காலம் மூடிக்கும்.

இன்னொரு வகைய தனிப் பக்கமா வச்சிருக்கேன், எழுத்து இடம் மாறினது. நிக்நேம் முதல்ல ‘ஆன் ஈக் நேம்’, ஈக்னா ‘கூடுதலா’, அதாவது கூடுதல் பேரு. சேத்துச் சேத்துச் சொன்னதுல ஆன்ல இருந்த ன் தாவிப் போய் அடுத்த வார்த்தையில ஒட்டிக்கிச்சு. ஏப்ரன் தலைகீழ், அது முன்னாடி ‘அ நேப்ரன்’, அதோட முதல் ன் இந்தப்பக்கம் வந்து ‘ஆன் ஏப்ரன்’ ஆயிடுச்சு. நேப்கின் மட்டும் அதே குடும்பத்துல ன் விடாம இருக்கு.

எழுதிட்டு அப்புறம் அடிச்சதும் உண்டு. போஷ்ங்கறது (பகட்டா இருக்கறது) கப்பல் டிக்கெட்டுல போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம்னு நாலு வார்த்தையோட முதலெழுத்தச் சேத்து வந்ததுன்னு ஒரு கதை, கேட்டதும் எழுதிட்டேன். அப்படி ஒரு டிக்கெட் இதுவரைக்கும் ஒன்னுகூட கிடைக்கல. ரோம் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமா குடுத்தாங்க, அதான் சாலரிங்கற கதையும் அதே மாதிரிதான், உப்புக்கும் அந்த வார்த்தைக்கும் சொந்தம் இருக்கு, உப்பா குடுத்தாங்கங்கறதுக்கு ஆதாரம் இல்ல. இப்பல்லாம் கதை ரொம்ப அழகா இருந்தா பென்சில்லதான் எழுதறேன், அந்த வார்த்தை முதன்முதல்ல எழுத்துல எப்ப வந்துச்சுன்னு பெரிய அகராதியில பாத்துட்டுதான் பேனா.

அகராதியே தவறினதும் உண்டு. 1934ல வந்த வெப்ஸ்டர் ரெண்டாம் பதிப்புல டார்டுன்னு ஒரு வார்த்தை, அர்த்தம் அடர்த்தி. அடர்த்திக்குச் சுருக்கம் ‘டி ஆர் டி’, அதாவது பெரிய டி இல்லன்னா சின்ன டின்னு ஒரு சீட்டு அனுப்பியிருக்காங்க, அத ஒரே வார்த்தையா படிச்சு அச்சுல ஏத்திட்டாங்க, 1939லதான் ஒருத்தர் கண்ணுல பட்டுச்சு, மூலமே இல்லாத வார்த்தைன்னு. இத என் நோட்டோட முதல் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

இந்த வாரம் க்ளூ. அது முதல்ல நூல்கண்டு. கிரேக்கக் கதையில தீசியஸ் அந்தச் சிக்கல் மாளிகைக்குள்ள போகும்போது அரியாட்னி குடுத்த நூலப் பிரிச்சுக்கிட்டே போய், அதையே புடிச்சுக்கிட்டு திரும்பி வருவான், அங்கருந்துதான் துப்புங்கற அர்த்தம். நாலாவது கட்டத்துல ‘நூல் பிடிச்சுப் போறது’ன்னு எழுதிட்டு மூடப் போனவன் நிறுத்திட்டேன், தமிழ்ல நூல்னா புத்தகமும்தானே. நன்னூல எடுத்துப் பாத்தா இருக்கு: சொல்லுதான் பஞ்சு, புலவன்தான் நூல் நூக்கற பொண்ணு, வாய்தான் கை, அறிவுதான் நூல் சுத்தற கதிர். அந்தக் கட்டம் பத்தல, அடுத்த பக்கத்துலயும் எழுதிட்டிருக்கேன்.