சொன்னால் நம்ப மாட்டார்கள்

இன்று அட்லாண்டா பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெண், நிறைமாதக் கர்ப்பிணி.

கையில் சின்ன நோட்டு. தேதி போட்டு, காலை மாலை தனித்தனியாக ரத்த அழுத்தம் எழுதியிருந்தார். தலைவலி வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம்.

"வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதான் எழுதி வைக்கிறேன்" என்றார்.

2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார் 50.3 பேர்.

பிரசவித்த பெண்களிடமே நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்யும் 'பிராம்ஸ்' கணக்கெடுப்பை, இதே ஊரில் இருக்கும் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) 1987இல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் ஆட்குறைப்பு என்று அந்தக் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெண்கள் சொல்வதைக் கேட்பதற்கென்றே இருந்த வேலை அது. அதில் கை வைத்தது பெரிய அநியாயம்.