மாடியில் ஜெல்லிஃபின், கீழே டி.வி., நடுவில் இரண்டு நெட்வொர்க்

கீழ் ஹாலில் இருக்கும் ஆண்ட்ராய்டு டி.வி.யில், வீட்டுக் கணினியில் உள்ள வீடியோக்களை மற்ற கருவிகளில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் செயலியைத் திறந்தால் சர்வர் எதுவும் இல்லை என்கிறது. மாடி அறையில் அதே நேரம் என் போனில் எல்லா ஃபோல்டரும் வரிசைகட்டி நிற்கின்றன. சர்வர் ஓடுவது ஒரு பழைய லேப்டாப்பில். உபுண்டு போட்டு, ஜெல்லிஃபினை நேரடியாகவே நிறுவியிருக்கிறேன், டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள், அதாவது கண்டெய்னருக்குள், ஓட்டும் முறை) இல்லை. சொந்தக்காரர்களின் கல்யாண டி.வி.டி.கள், காதுகுத்து வீடியோ, போனில் எடுத்த ஊர்த் திருவிழா எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. எம்பி (Emby) என்ற இதே வகை மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். இலவசம் என்பதைவிட, உள்ளே நுழைய வெளியூர்ச் சர்வரில் கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. இணையம் அறுந்த நாளிலும் வீட்டுக்குள் வீடியோ ஓட வேண்டும்.

இந்த மாதிரிச் சிக்கலில் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. சர்வரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, சர்வரைப் போய்ச் சேருவது வேறு வேலை. பட்டியலில் பெயர் வரவில்லை என்பதால் மட்டும் வழி அடைபட்டிருக்கிறது என்று ஆகாது. அதனால் பட்டியலை விட்டுவிட்டு, டி.வி.யில் முகவரியைக் கையால் அடித்தேன்: 192.168.0.105, போர்ட் 8096 (அந்தக் கணினியில் ஜெல்லிஃபின் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண்). நெடுநேரம் சுற்றிவிட்டு, பதில் இல்லை என்று நின்றுவிட்டது. இந்தச் சுற்றலுக்கும் அர்த்தம் உண்டு. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால், அந்தக் கணினி வரை போய்விட்டோம், அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சுற்றிச் சுற்றி நின்றால், அனுப்பிய தகவல் துண்டு (பாக்கெட்) வழியில் தொலைகிறது, அல்லது கணினியின் காவலான ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. லேப்டாப்பில் பார்த்தால் 8096 எல்லா முகவரிக்கும் திறந்தே இருந்தது, 127.0.0.1க்கு, அதாவது அந்த லேப்டாப்புக்குள்ளேயே மட்டும், என்று கட்டுப்படவில்லை. ஃபயர்வாலிலும் அதற்கு அனுமதி இருந்தது. அப்படியென்றால் தொலைவது வழியில்தான்.

டி.வி.யின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. டி.வி.யின் முகவரி 192.168.1.34. சர்வருடையது 192.168.0.105. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், அங்கே 1, இங்கே 0. முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பகுதி எதுவரை என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0 என்பதால் முதல் மூன்று எண்ணும் ஒத்துப்போனால்தான் ஒரே நெட்வொர்க். கீழே ஃபைபர்காரர்கள் வைத்த பெட்டி தனியாக ஒரு ரூட்டர். மாடிக்கு சிக்னல் வேண்டும் என்று பிறகு வாங்கி மாட்டியது இன்னொரு ரூட்டர். கீழிருந்து வரும் கேபிள் மாடி ரூட்டரின் நீல நிற டபிள்யூ.ஏ.என். போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) இருந்ததால், மாடி முழுக்க அதற்குள் ஒரு தனி நெட்வொர்க் ஆகிவிட்டது. இரண்டு தளத்திலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

இதில் ஆளைக் குழப்பும் இடம் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து டி.வி.க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) கொடுத்தால் பதில் வருகிறது! மாடி ரூட்டர் அடுக்குமாடி வாட்ச்மேன் மாதிரி: உள்ளே இருப்பவர் வெளியே போனால் கேட்பதில்லை, போனவர் திரும்பி வந்தாலும் விடுகிறார், புதிதாக வருபவரை மட்டும் நிறுத்திவிடுகிறார். மேலிருந்து கீழே போகும், கீழிருந்து மேலே வராது. அதனால் எந்தக் கருவி எங்கே தொடர்பு கொள்ளப் போகிறதோ, அந்தத் திசையில்தான் சோதிக்க வேண்டும். வீடியோவைக் கேட்பது டி.வி., ஆகவே சோதனையும் டி.வி. பக்கத்திலிருந்து.

மாடி ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டாலும் வேலை நடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. கையால் முகவரி அடித்தால் வரும், தானாகக் கண்டுபிடிப்பது அப்போதும் வராது, நாளைக்கு பிரிண்டர் வாங்கினால் அதே கூத்து மறுபடியும். மாடி ரூட்டரை, தனி நெட்வொர்க் எதுவும் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் வெறும் ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கிவிட்டேன். புதிய மாடல்களில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும். என்னுடையதில் இல்லை, கையால்தான். வரிசை முக்கியம். முதலில் நீல போர்ட்டிலிருந்து கேபிளை உருவ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை வந்து ரூட்டர் முரண்டு பிடிக்கும். லேப்டாப்பை நேரடியாக, வீட்டுக் கருவிகளுக்கான மஞ்சள் போர்ட் ஒன்றில் சொருகி, ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அந்தப் புது முகவரியில் திரும்ப நுழைந்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை அணைத்தேன். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை இன்னொரு மஞ்சள் போர்ட்டில் சொருகினேன். நீல போர்ட் இனிமேல் காலி. முகவரி கொடுப்பது கீழ்ப் பெட்டி மட்டும்தான்.

அந்தக் கீழ்ப் பெட்டி 192.168.1.2இலிருந்தே வழங்கிக்கொண்டிருந்தது. அதை 50 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, சர்வருக்கு 192.168.1.10 என்று லேப்டாப்பிலேயே நிலையாகப் போட்டேன். ரூட்டரில் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் எண்) கட்டிப்போடுவதுதான் சுத்தமான முறை, ஆனால் எங்களுக்குக் கொடுத்திருக்கும் லாகினில் அந்தப் பக்கம் தெரிவதில்லை. நிலையான முகவரி அவசியம்தானா என்று கேட்டால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பிறகு பாருங்கள். பெட்டி மறுபடி எழுந்து, யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு எண்ணைக் கொடுத்துவிடும். நேற்று வரை ஓடிய சர்வர் இன்று 'காணவில்லை' என்று புலம்பும் பலருக்கு விஷயம் இவ்வளவுதான்.

சரி, இப்போது டி.வி.யில் முகவரியை அடித்தால் ஓடுகிறது. பட்டியலில் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. ஜெல்லிஃபின் செயலி வீட்டு நெட்வொர்க் முழுவதையும் நோக்கி, போர்ட் 7359இல், யு.டி.பி. (இணைப்பு ஏற்படுத்தாமலே செய்தி அனுப்பும் முறை) வழியாக, "ஜெல்லிஃபின் சர்வர் யார்?" என்று ஒரு கூவல் விடும். சர்வர் தன் பெயரையும் முகவரியையும் பதிலாக அனுப்ப வேண்டும். லேப்டாப்பில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப் ஓட்டிப் பார்த்தேன். டி.வி.யில் தேடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி வந்து விழுகிறது, பதில் ஒன்றும் போகவில்லை. ஃபயர்வாலில் திறந்திருந்தது 8096 மட்டும். 7359 யு.டி.பி.யையும் திறந்த மறுகணம் பெயர் வந்துவிட்டது. டாக்கரில் ஓட்டுபவர்கள் இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கண்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் தரும் பிரிட்ஜ் முறையில் இந்தக் கூவல் உள்ளே போய்ச் சேருவதில்லை, கணினியின் நெட்வொர்க்கையே பயன்படுத்தும் ஹோஸ்ட் முறைக்கு மாற்ற வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டு மச்சான் போன் செய்தார். "எங்க வீட்டுல ஒரே ரூட்டர்தான் மச்சான், ஆனா போன்ல வரவே மாட்டேங்குது." அவருடையது விண்டோஸ். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தது. வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இன்னொரு போன் அப்புறமும் அடம்பிடித்தது, அது கெஸ்ட் வைஃபையில் இருந்தது. கெஸ்ட் வைஃபையின் வேலையே வீட்டுக் கருவிகளைக் காட்டாமல் இருப்பதுதான். அதை யாரும் பழுது என்று சொல்ல முடியாது. லேப்டாப்பை மூடினால் சர்வர் தூங்கிவிடுவதும் இந்த வகையில் சேர்த்திதான். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று அமைப்பில் மாற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்தது வேகம். மாடிக்கும் கீழுக்கும் இடையே வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் நொடிக்கு 94 மெகாபிட். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருக்கும்போது இந்த எண் வந்தால் ஏறக்குறைய நிச்சயம்: கேபிள் 100க்கு இறங்கிவிட்டது. நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மாடி முனையில் இருந்த பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பியின் நுனி கண்ணாடிப் பக்கம் வரை வந்து முட்டியிருக்கிறது. நீலக் கம்பி மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவாக நின்றுவிட்டது, உலோகப் பல் அதன்மேல் ஏறவே இல்லை. முனையை வெட்டிப் போட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி, நுனிகளை ஒரே மட்டமாக நறுக்கி, புது முனையைக் கிரிம்ப் செய்தேன். இப்போது 940ஐத் தொடுகிறது. ஒரு வீடியோ பார்க்க 94 தாராளம், அதைச் சொல்லிவிட வேண்டும். போனில் எடுத்த 4கே வீடியோகூட அதில் அடங்கும். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் திக்கித் திணறும்.

கடைசியாக அம்மா அறையில் இருக்கும் பழைய டி.வி. அதில் செயலி எதுவும் போட முடியாது, டி.எல்.என்.ஏ. (வீட்டுக் கருவிகள் வீடியோ பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது முறை) மட்டும் உண்டு. ஜெல்லிஃபினில் 10.9 பதிப்பிலிருந்து அது தனிப் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் பகுதி), போட்டுக்கொள்ள வேண்டும். இதன் கூவல் வேறு: 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரி (கேட்க விரும்பும் கருவிகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் போகும் முகவரி), போர்ட் 1900. இதற்கும் ஃபயர்வாலில் வழிவிட்டேன். டி.வி.யில் சர்வர் பெயர் வந்தது, சில நிமிடத்தில் மறைந்தது, டி.வி.யை அணைத்துப் போட்டால் மறுபடி வந்தது. இப்படி வந்து வந்து போனால் முதலில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கைச் சந்தேகப்படலாம். யாருக்கு மல்டிகாஸ்ட் வேண்டும் என்று ரூட்டர் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வப்போது விசாரிக்க நெட்வொர்க்கில் ஆள் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டியலைக் கிழித்துப்போடுகிறது. மாடி ரூட்டரில் அதை அணைத்த பிறகு பெயர் நிலையாக நிற்கிறது. ஹாலில் உள்ள புது டி.வி.க்காக டி.வி.டி.யின் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவக் கோப்புகளை எச்.264 வடிவத்துக்கு மாற்ற ஆரம்பித்திருந்தேன். அம்மாவின் டி.வி. அந்தப் பழைய கோப்புகளை அப்படியே ஓட்டுகிறது, போனில் எடுத்த எச்.265 வீடியோவைத்தான் தொட மாட்டேன் என்கிறது. இனி மாற்ற வேண்டியது அவைதான், எத்தனை என்று இன்னும் எண்ணவில்லை.