குதிரையைக் கொடுத்திருக்கலாம்

டிசம்பர் 25, 2024

நாளை செஸ் போட்டியின் முதல் சுற்று. பட்டியல் இரவு பத்துக்குத்தான் வந்தது. சுவிஸ் முறையில் ரேட்டிங் வரிசையை இரண்டாக வெட்டி, மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோதவிடுவார்கள். நான் என்றுமே கீழ்பாதி. எனக்கு 1487. எதிராளிக்கு 1996, வயது 11. எனக்குக் கறுப்பு.

லேபில் இருந்து அழைப்பு இல்லை.

டிசம்பர் 26

61ஆவது நகர்த்தலில் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அன்றிரவு

தூக்கம் இல்லை. குகேஷ் பட்டம் வென்று இரண்டு வாரந்தான் ஆகிறது. அரங்கு முழுக்கப் பொடிசுகள். என் எதிராளி நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்து, குறிப்புத்தாளில் முத்து முத்தாக எழுதினான். மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். கடைசியில் அவனிடம் வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடும் மந்திரி (பிஷப்), ஜி, ஹெச் வரிசைகளில் இரண்டு சிப்பாய்கள். என்னிடம் ஒற்றைக் குதிரை, 40 விநாடி. பலகையைப் பார்க்க வேண்டிய கண் அந்த 1996ஐயே பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன்.

தாளில் கையெழுத்துப் போடும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: “அங்கிள், குதிரையைக் கொடுத்து ஜி சிப்பாயை ஏன் எடுக்கவில்லை?”

எடுத்திருந்தால் அவனுக்கு மிஞ்சுவது ஓரச் சிப்பாயும் உதவாத மந்திரியும். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய ஹெச்8 கறுப்புக் கட்டம். அந்த மந்திரியால் அதைத் தொடவே முடியாது. என் ராஜா மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தால் டிரா. இதை நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

டிசம்பர் 27

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை வென்றேன். சந்தோஷமே இல்லை.

ரேட்டிங் கணக்குப் போட்டேன். எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் 400க்கு மேல் கொள்ள மாட்டார்கள். தோற்றதில் போனது வெறும் 1.6 புள்ளி. டிரா என்றால் 8.4 கூடியிருக்கும்.

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

டிசம்பர் 28

1997இல் டீப் புளூ கணினியிடம் இரண்டாம் ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவும் விட்டுக்கொடுத்தார். டிராவுக்கு வழி இருந்தது என்று பிறகு காட்டினார்கள். அவருக்கு எதிரே இருந்தது இயந்திரம். எனக்கு எதிரே இருந்தவனுக்குக் கடைவாய்ப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 29

லேப்: நாளை காலை.

டிசம்பர் 30

நாலு மணிக்கே விழிப்பு. சமையல் மேடையில் பலகையை விரித்தேன். வெள்ளை மந்திரி எப்போதோ தொலைந்துபோனது. அதன் இடத்தில் தைலப் புட்டியின் மூடி. குதிரை ஜி4இல் வெட்டுகிறது. மூடி குதிரையை வெட்டுகிறது. ராஜா ஹெச்8க்குப் போகிறது. மறுபடி முதலிலிருந்து.

அவள் எழுந்துவந்து பார்த்தாள். “இதில் யாருக்கு ஜெயம்?”

“யாருக்கும் இல்லை.”

மூடியை எடுத்துப் புட்டியை மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். பத்தரைக்குக் கிளம்ப வேண்டும்.