டிசி புத்தகத்தை செல்போனுக்கு மாற்றிய கதை

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங், செக்கிங், பேக்கிங் மட்டும்தான் எங்கள் கூரைக்குக் கீழே நடக்கும். மற்றதெல்லாம் ஜாப் வொர்க், அதாவது வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. நூல் வாங்கி, துணியாகப் பின்னும் நிட்டிங்குக்கு அனுப்புவோம். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்குப் போகும், சாயம் முடிந்ததும், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், அப்புறம்தான் எங்கள் டேபிளுக்கு வரும். வெட்டிய பீஸ்கள் மறுபடியும் தையலுக்காக வெளியே போகும். ஒவ்வொரு தடவை சரக்கு கை மாறும்போதும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான், போட்டாக வேண்டும். கார்பன் வைத்த மூன்று காப்பிப் புத்தகத்தில் வருஷக்கணக்காக எழுதி வந்ததை ஒரு ஆப்புக்கு மாற்றினோம். அதில் எது எங்கே சிக்கியது, எப்படி நகர்ந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும்.

எங்கள் தலைவலி எடைதான். சாயத்துக்குப் போகும் துணி அதே எடையில் திரும்பாது. ப்ளீச்சிங்கில் கொஞ்சம் போகும், துணியின் மேல் பஞ்சை நீக்கும் பயோவாஷ் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும். அடர்ந்த நிறம் என்றால் சாயமே துணியில் ஏறிக்கொள்வதால் குறைவது தெரியாது. வேலை செய்து தரும் ஒவ்வொரு பார்ட்டியோடும் நிறத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு பேச்சு இருக்கும். அதைத் தாண்டிக் குறைந்தால் கேட்க வேண்டும். கேட்பது எப்போது? மாசக் கடைசியில், பில் வந்த பிறகு. அதற்குள் துணி வெட்டி, தைத்து, பெட்டியில் ஏறியிருக்கும். "போன மாசத் துணிய எங்கீங்க போயி எடை போடறது?" என்று சாயப்பட்டறைக்காரர் கேட்டால் பதில் கிடையாது. பாதியை அவர் விட்டுக்கொடுப்பார், மீதியை எங்கள் முதலாளி விட்டுக்கொடுப்பார். இப்படியே ஓடியது.

இதோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. என்ன அனுப்பினோம், என்ன வந்தது என்பதை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை. அப்புறம் வருமான வரியில் 43பி(ஹெச்) வந்தது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பணம் கொடுத்த வருஷத்தின் வருமானத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். எங்கள் ஜாப் வொர்க் பார்ட்டிகளில் பெரும்பாலோர் இந்த வகைதான். அந்த நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடுகிறது. ஆக, குடோனில் சரக்கு இறங்கிய தேதியைச் சரியாக எழுதுவது திடீரென்று ஆடிட்டர் பார்க்கும் விஷயமாகிவிட்டது.

மென்பொருள் தேர்வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி வேலை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் பெரிய ஈஆர்பி மென்பொருள் பார்த்தோம். விலையை விட, அதற்கேற்ப நாங்கள் மாற வேண்டியது அதிகம். நாமே ஆப் செய்துகொள்ள உதவும் ஜோஹோ கிரியேட்டரும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஆப்ஷீட்டுக்குப் போனோம். காரணம் எளிது: கம்பெனி மெயிலுக்காகக் கட்டிக்கொண்டிருந்த கூகுள் வொர்க்ஸ்பேஸிலேயே அது சேர்ந்திருந்தது, எங்கள் கணக்கெல்லாம் ஏற்கனவே கூகுள் ஷீட்டில் இருந்தது. ஷீட்டைக் காட்டினால் அதிலிருந்தே ஒரு செல்போன் ஆப் உருவாகிவிடும். நிரல் எழுதத் தேவையில்லை என்பார்கள். அது பாதி உண்மை. எக்செல்லில் ஃபார்முலா போடப் பழகியவருக்குக் கை வரும், மற்றவர்கள் திணறுவார்கள்.

உட்கார்ந்து வேலையின் போக்கை வரைந்தபோதுதான் சுவாரசியமானது. அனுப்புதல், பெறுதல் என்று இரண்டு கட்டம் போட்டு நடுவே ஒரு அம்புக்குறி போட்டால் முடிந்தது என்று முதலாளி நினைத்தார். குடோன் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன்தான். கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். "சாயத்துல இருந்து நேரா காம்பாக்டிங் போயிருமுங்க. இங்க எதுக்கு எறக்கி ஏத்தறது? வண்டி வாடகை யாரு குடுப்பா?" என்றார். உண்மைதான். எங்கள் துணியில் பெரும்பகுதி சாயத்துக்கும் காம்பாக்டிங்குக்கும் நடுவில் எங்கள் குடோனைப் பார்ப்பதே இல்லை. சட்டமும் இதை அனுமதிக்கிறது. ஒரு ஜாப் வொர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு நேராக அனுப்பலாம், நாங்கள் சலான் போடலாம், அல்லது அனுப்புகிறவர் எங்கள் சலானிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஐடிசி-04இல் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. ஆனால் நாங்கள் வரைந்த படத்தில் அதற்கு இடமே இல்லை.

அதோடு நிற்கவில்லை. ஒரே லாட், அதாவது ஒன்றாக அனுப்பிய துணித் தொகுதி, பாதி இன்றைக்கு வரும், மீதி அடுத்த வாரம் வரும். நிறம் சரியில்லை என்று மறுபடி சாயம் போடத் திரும்பிப் போன துணி பழைய டிசியிலேயே போகும். மாதிரிக்காக நாலு மீட்டர் வெட்டிக்கொண்டு ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் போய்விடுவார். இவை எல்லாம் அண்ணனின் தலையில் இருந்தன, எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாளிக்கு இவற்றில் பாதி தெரியாது. எனக்கும் சில புதுசு. கடைசியில் போக்கை மாற்றி வரைந்தோம். டிசியை மையமாக வைக்காமல் லாட்டை வைத்தோம். ஒரு லாட், அதன் கீழே எத்தனை நகர்வு வேண்டுமானாலும். ஒவ்வொரு நகர்வுக்கும் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை ரோல், எத்தனை கிலோ. நாங்கள் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகலாம். இந்த ஒரு மாற்றம் வந்ததும் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தது.

ஆப்பில் தலைப்புகள் அத்தனையும் தமிழில் வைத்தோம். லோடு ஏற்றி இறக்கும் பையன்கள் பலர் ஒடிசாக்காரர்கள் என்பதால் உள்ளே வருவது பச்சை, வெளியே போவது ஆரஞ்சு என்று நிறமும் கொடுத்தோம். தராசு காட்டும் எண்ணை ஒரு போட்டோ எடுத்தால்தான் பதிவு முடியும். இந்தப் போட்டோவை வற்புறுத்தியது ஆடிட்டர். அப்போது எல்லோரும் முணுமுணுத்தோம்.

இனி, நான் விரிவாகச் சொல்ல நினைத்த இடம். எடைக் குறைவு பேசிய சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ஆகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆப்ஷீட்டில் அதற்கு 'வேலிட் இஃப்' என்று ஒரு இடம் உண்டு. அங்கே போடும் நிபந்தனை பொய்யானால் சேமிக்க விடாது. போட்டோம். அந்த மாசம் எடைகள் அருமையாக வந்தன. எந்தப் பார்ட்டியிலும் ஒரு லாட் கூடக் கோடு தாண்டவில்லை. சாயப்பட்டறைகள் பயந்துவிட்டன என்று முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு உறுத்தியது. நிறைய லாட்டுகள் சரியாகக் கோட்டை ஒட்டியே நின்றன, 5 சதவீதம் என்றால் 4.9. துணிக்கு அப்படி ஒரு ஒழுக்கம் கிடையாது.

தராசுப் போட்டோக்களைத் திறந்து பார்த்தேன். போட்டோவில் ஓர் எண், பதிவில் வேறு எண்.

அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அது ஏத்துக்க மாட்டேங்குதுங்க. ராத்திரி பத்து மணிக்கு லாரிக்காரன் நிக்கறான், உங்களுக்கு போன் போட்டா எடுக்கறதில்ல. ஏத்துக்கற நம்பரப் போட்டு அனுப்பிட்டேன்." அவரிடம் என்ன குறை சொல்வது? லாரியைத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை, உண்மை எடையை எழுத ஆப் விடவில்லை. பழைய கார்பன் புத்தகத்திலாவது உண்மை எடை இருந்தது. அதைத் தொலைத்துவிட்டு, பார்வைக்கு அழகான பொய்க் கணக்கு ஒன்றை ஆட்டோமேஷன் செய்து வைத்திருந்தோம்.

மாற்றினோம். தடையை எடுத்துவிட்டு, குறைவு கோட்டைத் தாண்டினால் மட்டும் 'காரணம்' என்று ஒரு கட்டம் தோன்றும்படி செய்தோம். ஆப்ஷீட்டில் இது 'ஷோ இஃப்'. தோன்றினால் நிரப்பித்தான் ஆக வேண்டும். ஈரம், ஒரு ரோல் குறைவு, தராசு சந்தேகம், தெரியவில்லை என்று தேர்ந்தெடுக்க நாலைந்து பதில்கள். 'தெரியவில்லை' என்பதும் ஒரு நல்ல பதில்தான் என்று அண்ணனிடம் அழுத்திச் சொன்னோம். பதிவு ஆன உடனே எனக்கும் முதலாளிக்கும் போட்டோவோடு மெயில் வந்துவிடும். காலையில் துணி குடோனில் இருக்கும்போதே சாயப்பட்டறைக்குப் போன் போகும். "ஆளை அனுப்புங்க, ரெண்டு பேருமா எடை போட்டுக்கலாம்." சண்டை குறைந்தது. இன்னொன்றும் தெரிய வந்தது: குறைவு என்று வருபவற்றில் ஒரு நல்ல பங்கு நிட்டிங்கிலேயே தொடங்கியிருந்தது. அங்கிருந்து வந்த எடையைச் சரிபார்க்காமல் அப்படியே சாயத்துக்கு டிசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிசி எண்ணில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குடோனுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் ஆப் ஆஃப்லைனில் ஓடி, வெளியே வந்ததும் சிங்க் ஆகும். இரண்டு போனில் இரண்டு பேர் ஆஃப்லைனில் டிசி போட்டால் இருவருக்கும் அடுத்த எண் ஒன்றாகவே விழும். ஜிஎஸ்டி விதி 55 சலான் எண் வரிசையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஆப்புக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் தாறுமாறான ஒரு உள் அடையாளம் மட்டும் தானாக விழும். அதிகாரபூர்வ எண்ணை ஆபீஸில் இருப்பவர் ஒரு பட்டனைத் தட்டிக் கொடுப்பார். பிறகுதான் பிடிஎஃப் உருவாகி கேட் பக்கத்து பிரிண்டரில் மூன்று காப்பி அடிக்கும்: பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. காகிதம் ஒழியவில்லை. வழியில் வண்டியை நிறுத்தினால் காட்ட வேண்டுமே.

வாட்ஸ்அப் தகவலைத் தானாக அனுப்ப முதலாளிக்கு ஆசை. அதற்கு பிசினஸ் ஏபிஐ வாங்கி, செய்தியின் வாசகத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற்று, செய்திக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். எங்கள் அளவுக்கு அது தேவையில்லை என்றேன். பட்டனைத் தட்டினால் பார்ட்டியின் நம்பரோடும் எழுதிய செய்தியோடும் வாட்ஸ்அப் திறக்கும், அனுப்புவதை மனிதர் அழுத்த வேண்டும். இலவசம். அழுத்துவதற்கு முன் ஒரு கண் பார்த்துவிடுவதால் தப்பான ஆளுக்குப் போவதும் இல்லை. தினமும் காலையில் ஒரு பட்டியல் மட்டும் தானாக மெயிலில் வருகிறது: பத்து மாசத்தைத் தாண்டி வெளியே நிற்கும் சரக்கு, 45 நாளை நெருங்கும் பில்கள். எங்கள் கணக்கு மென்பொருளான டேலிக்கு நேரடி இணைப்பு வைக்கவில்லை. டேலிபிரைம் எக்செல்லை ஏற்றுக்கொள்வதால் வாரத்துக்கு ஒரு தடவை நானே பார்த்து ஏற்றுகிறேன். கணக்குப் புத்தகத்தில் எதுவும் தானாக நுழைவதில் எனக்கு இன்னும் இஷ்டமில்லை.

தையல் பீஸ் ரேட்டை இதில் சேர்க்கச் சொல்லி கட்டிங் மாஸ்டர் கேட்கிறார். அங்கே சிங்கர் மெஷினுக்கு ஒரு ரேட், ஓவர்லாக் மெஷினுக்கு ஒரு ரேட், ஸ்டைல் மாறினால் எல்லாம் மாறும், பேச்சு டீக்கடையில் முடியும். அதை வரைய இப்போதைக்குத் தொடப் போவதில்லை. அதற்கு முன்னால் இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது. எங்கள் சாயப்பட்டறைக்காரர் ஒருவர், தன் பக்கத்தில் போடும் எடையையும் இதே ஆப்பில் தானே பதிவதாகச் சொல்கிறார். வெளியாட்களை உள்ளே விட்டால் ஆளுக்கு மாசம் இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அதோடு அவருடைய லாட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதபடி வடிகட்டியும் வைக்க வேண்டும். கணக்குப் போட்டு முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். தீபாவளி போனஸ் முடியட்டும் என்கிறார்.