படிவத்தில் நான் போட்ட குறி

மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு முந்திரி ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். எங்கள் பக்கத்தில் முந்திரிக் கொட்டைக்கு அண்டி என்று பெயர்; அதனால் ஆலையை ‘அண்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். உடைப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலும் பெண்களே இருந்தார்கள். வறுப்புக் களத்திலும் லாரியிலும் மேற்பார்வையிலும் ஆண்கள் இருந்தார்கள். சம்பளப் பட்டியலோடு வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கும் என் பொறுப்பில் இருந்தது.

அந்த நிதியின் சட்டத்தை மேலோட்டமாகப் படிப்பவருக்கு அதில் ஆண், பெண் என்ற பாகுபாடு தென்படாது. இருவரிடமும் சம்பளத்தில் ஒரே 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்திலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம், 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். அதைப் பெறப் பத்தாண்டுச் சேவை வேண்டும். இந்தக் கணக்கு யாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதில் பெருக்கப்படும் இரண்டு எண்களுமே எங்கள் ஆலையில் பெண்களுக்குக் குறைந்திருந்தன. மாதச் சம்பளக்காரரான ஆணுக்குக் கொட்டை வரத்து குறைந்த மாதத்திலும் முழுச் சம்பளம் பதிவாகும். கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்த மாதம் பாதிதான் பதிவாகும். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. தரும் பணம் ஊதியமாகக் கருதப்படாததால் அந்த வாரங்களுக்குப் பிடித்தமும் இல்லை, முதலாளியின் பங்கும் இல்லை. 2017இல் அந்த விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். ஆனால் தாய்க்குக் கிடைத்த அந்த ஓய்வு அவளுடைய முதுமைக் கணக்கில் வெற்றிடமாகவே பதிவாயிற்று.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொரு விதி. வேலையை விட்டவர் பணத்தை முழுவதுமாக எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து, திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார்கள். சலுகை என்ற எண்ணத்தில்தான் அதை எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்யாணம் ஆனால் பெண் வேலையை விடுவாள், விட்டால் சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போவாள் என்பதை இயல்பான நிகழ்வாகச் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது. எடுத்த பணம் நகையாகவோ சீதனமாகவோ மாறி இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். 1989-90 முதல் 1999-2000 வரை இந்த நிதிக்கு 12 சதவீத வட்டி கிடைத்தது. அந்த வீதத்தில் பணம் ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்தக் காலத்தில் எங்கள் ஆலையிலிருந்து கல்யாணத்துக்காக விலகிய பெண்களில் ஒருவர்கூடப் பணத்தை விட்டுவைத்ததாக எனக்கு நினைவில்லை.

2019இல் தரம் பிரிப்புப் பிரிவில் இருந்த ஓர் அக்காவுக்கு 58 வயது முடிந்தது. ஓய்வூதியத்துக்கு எழுதித் தரச் சொல்லி வந்தார். கோப்பை எடுத்துப் பார்த்தேன். 1997 முதல் 2004 வரை ஏழாண்டுகள் வேலை செய்திருந்தார். படுக்கையில் விழுந்த மாமியாரைக் கவனிக்க விலகி, 2013இல் திரும்பி வந்து மேலும் ஆறாண்டுகள் உழைத்திருந்தார். மொத்தம் பதின்மூன்று ஆண்டுகள். ஆனால் 2004இல் வேலையை விட்டபோது 10சி படிவத்தில் ஓய்வூதியப் பங்கையும் பணமாகவே எடுத்திருந்தார். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கவும் இடம் உண்டு. அதை அன்று கேட்டிருந்தால் அந்த ஏழாண்டுகள் அழியாமல் நின்று, பின்னர் ஆறுடன் சேர்ந்திருக்கும். கடைசி ஐந்தாண்டுகளின் சராசரிச் சம்பளம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 13ஆல் பெருக்கி 70ஆல் வகுக்க, மாதம் ஏறத்தாழ 1,485 ரூபாய் ஆயுள் முழுவதும் வந்திருக்கும். மாறாக, ஓராண்டுச் சேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் ஒருமுறை கிடைக்கும் தொகையோடு அவர் நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்திலிருந்து திரும்ப வேண்டியிருந்தது.

"அண்ணைக்கு இப்படி ஒண்ணு உண்டுன்னு யாரும் சொல்லேல்லியே சாரே" என்றார்.

2004இல் அந்தப் படிவத்தை நிரப்பியது என் கை. குறி போட்டதும் நான்தான். அக்கா வந்துபோன அன்று இரவு பழைய கோப்புகளை நினைத்துப் பார்த்தேன். டிரைவர்களும் மேற்பார்வையாளர்களும் விலகும்போது, அடுத்த வேலைக்குப் போவார்கள் என்று எண்ணி, "சான்றிதழா, பணமா?" என்று கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. இனி இவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்று நானே தீர்மானித்திருந்தேன். சட்டத்துக்குள் இருந்த அதே எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

2018 மத்திய பட்ஜெட்டில், புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களின் பிடித்தத்தை முதல் மூன்றாண்டுகளுக்கு 8 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். கையில் வரும் சம்பளம் கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது எனக்கு ஒப்பவில்லை. மிக நீண்ட காலம் வட்டி ஈட்டக்கூடிய பணம் முதல் மூன்றாண்டுகளின் பணம்தான். அதைப் பெண்ணின் கணக்கில் மட்டும் குறைப்பது உதவியாகாது. பெண்ணுக்கு உதவ வேண்டுமானால் பிள்ளைப்பேற்று வாரங்களுக்கான பங்கை அரசு செலுத்தலாம். பத்தாண்டு நிறையாமல் விலகுவோருக்குச் சான்றிதழே இயல்பாகக் கிடைக்கும் என்றும், பணம் வேண்டுவோர் மட்டும் தனியாக எழுதிக் கேட்க வேண்டும் என்றும் படிவத்தை மாற்றலாம்.

அந்த அக்கா வந்துபோன பிறகு நான் பணியில் இருந்த இரண்டு ஆண்டுகளில் விலகிய ஒவ்வொரு பெண்ணையும் உட்காரவைத்து, இரண்டு தொகைகளையும் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே குறி போட்டேன். சிலர் சான்றிதழ் வாங்கிச் சென்றார்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பணமே போதும் என்றார்கள். மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டிருந்தது.